இரு தட்டுகளும் ஒரு தாளமும்

இசைத்தட்டு என்பது முடிந்துபோன இசை. பாடியவர் பாடி முடித்தார். வாசித்தவர் வாசித்து முடித்தார். ஒலிப்பதிவாளர் அவற்றையெல்லாம் ஒரு மெல்லிய சுழல்கோட்டில் அடைத்துவிட்டார். இனி அதனைக் கேட்கலாமேயன்றி வேறொன்றும் செய்வதற்கில்லை என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. எமில் பெர்லினர் தம் கிராமபோனுக்கு 1887ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1960களின் இறுதியில், நியூயார்க் நகரத்து இளைஞர் சிலர் அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டனர். ஒரு தட்டு ஓடி முடியுமுன் மற்றொரு தட்டைத் தொடங்கி, இரண்டின் தாளமும் பிசகாமல் ஒன்றாய் ஓடச் செய்து, கேட்போர் அறியாதவாறு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து சென்றனர். இதனைச் செய்பவரை டி.ஜே. என்று உலகம் அழைக்கின்றது. அவர் செய்யும் தொழிலின் அடிப்படைக்குப் ‘பீட்மேட்சிங்’ என்று பெயர். தாள இசைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இக்கலையைப் பற்றி எழுதுவோர் பலரும், ஆசான் எவருமின்றித் தெருப்பிள்ளைகள் தாமே கண்டறிந்த வித்தை இது என்று எழுதி மகிழ்கின்றனர். கேட்பதற்கு இனிய கதைதான். பிள்ளைகளை அவரவர் போக்கில் விட்டுவிட்டால் போதும், திறமை தானே முளைத்துவிடும் என்று நம்ப விரும்புவோர்க்கு மிகவும் உகந்த கதையும்கூட. ஆனால் அவ்விளைஞர்கள் பின்னாளில் தம் வாயாலேயே சொன்ன செய்திகளை அடுக்கிப் பார்த்தால் வேறொரு வரலாறு புலப்படுகின்றது. ஒருவருக்குப் பின்னால் தந்தையின் கருவி இருக்கின்றது. மற்றொருவருக்குப் பின்னால் தொழிற்பள்ளி வகுப்பறையும் தாயின் தையல் அறிவும் இருக்கின்றன. தம் கருவியைத் தொட இசைவளித்த மூத்தவர்கள் எல்லாருக்கும் பின்னால் நிற்கின்றனர். அவ்வரலாற்றை ஒருமுறை பார்த்துவிடுவது ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில், பழகத் தொடங்கும் ஒருவன் செய்வது யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். அவன்முன் இரண்டு சுழல்தட்டுக் கருவிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ‘மிக்ஸர்’ என்னும் கலவைப் பெட்டி இருக்கின்றது. முதல் தட்டின் இசை கூடமெங்கும் ஒலிக்கின்றது. இரண்டாம் தட்டின் இசையோ அவன் காதில் மாட்டிய ஹெட்போனில் மட்டும் கேட்கின்றது. ஒரு காது கூடத்துக்கு. மறு காது ஹெட்போனுக்கு. இரண்டாம் பாட்டின் முதல் அடி எங்கே விழுகின்றது என்று கண்டு, அந்த இடத்தில் தட்டைக் கையால் நிறுத்திப் பிடிக்கிறான். அடியிலிருக்கும் சுழல்மேடை தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டேயிருக்கும்; மேடைக்கும் தட்டுக்கும் இடையே கிடக்கும் துணிவட்டம் அதற்கு இடந்தரும். கூடத்தில் ஒலிக்கும் பாட்டின் அடி விழும் அதே கணத்தில் கையை எடுக்கிறான். தட்டு உடனே முழு வேகத்தில் ஓடுகின்றது.

இத்துடன் வேலை முடிந்துவிடுவதில்லை; தொடங்குகின்றது. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடியும் மற்றொன்று 121 அடியுமாக ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே கணத்தில் தொடங்கிவைத்தாலும் 15 விநாடியில் கால் அடி விலகிவிடும். 30 விநாடியில் ஒன்றின் அடி மற்றொன்றின் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவே போய் விழும். தைப்பூச ஊர்வலத்தில் இரண்டு உருமி மேளக் குழுக்கள் ஒன்றையொன்று நெருங்கி வரும்போது நடுவில் நிற்பவர் காதுக்கு என்ன நேருமோ, அதுவே நடனக்கூடத்தில் இருப்போர்க்கும் நேரும். ஆடுகின்ற கால்கள் நின்றுவிடும். எனவே கருவியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டையும் ஒரே நடைக்குக் கொண்டுவர வேண்டும். விலகல் தோன்றியவுடன் தட்டின் நடுவிலுள்ள காகிதப் பகுதியை விரலால் மெல்ல உந்தியோ, சுழல்மேடையின் ஓரத்தை இலேசாகத் தடவித் தாமதப்படுத்தியோ சரிசெய்ய வேண்டும்.

பழகுவோர் இடறுமிடம் ஒன்று உண்டு. தாளம் விலகுகின்றது என்பது எவர் காதுக்கும் விரைவிலேயே தெரிந்துவிடும். குதிரைக் குளம்பு போல இரட்டை ஒலியாகக் கேட்கும். ஆனால் இரண்டில் எது முந்துகின்றது, எது பிந்துகின்றது என்பது தெரியாது. குறைக்க வேண்டிய வேகத்தைக் கூட்டிவிடுவான். விலகல் இன்னும் பெருகும். பெருகியதைக் கேட்டுத்தான் தன் ஊகம் தவறு என்று அறிவான். இவ்வாறு நூறு முறை, ஆயிரம் முறை. சொல்லிக்கொடுத்து வருவதன்று இது. எனினும் எதனைக் கேட்க வேண்டும் என்று அருகிலிருந்து ஒருவர் சொன்னால் மாதங்கள் மிச்சமாகும்.

தாளம் இசைந்த பின்னும் ஒன்று மீதமிருக்கின்றது. நம் ஆதி தாளத்தில் பாட்டைச் சமத்தில் எடுப்பதும் சற்றுத் தள்ளி எடுப்பதும் வேறு வேறு என்பதை இசையறிந்தோர் அறிவர். இங்கும் அதுவே. இந்நடனப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு நான்கு அடிகளாக எண்ணப்படுவன. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று அடுக்கடுக்காகக் கட்டப்படுவன. அடி பிசகாமலே எடுப்பு பிசகிப்போகக் கூடும். முதல் பாட்டின் கண்ணி முடியுமிடத்தில் இரண்டாம் பாட்டின் கண்ணி தொடங்க வேண்டும். அதற்கு இரண்டு பாடல்களையும் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும்.

இதனை ஒரு கலையாக நிலைநிறுத்தியவர் என்று வரலாற்றாசிரியர்கள் பிரான்சிஸ் கிராசோ என்பவரைச் சுட்டுவர். அவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்தவர். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் கால்களைப் பழக்கும் பொருட்டே நடனத்துக்கு வந்தவர் என்பர். ஓர் இரவு, ‘சால்வேஷன் டூ’ என்ற நடனக்கூடத்தில் இசைத்தட்டு இயக்கும் டெர்ரி நோயல் என்பவர் குறித்த நேரத்துக்கு வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஆடுவதற்கு வந்திருந்த கிராசோவை முயன்று பார்க்கச் சொன்னார்கள். நோயல் வந்து சேர்ந்தபோது அவருடைய வேலை கிராசோவுக்குப் போயிருந்தது. நேரந்தவறாமையின் பயனை மாணவர்க்கு விளக்க விரும்புவோர் இந்நிகழ்ச்சியைக் கையாளலாம்!

பின்னர் கிராசோ ‘சாங்சுவரி’ என்னும் கூடத்துக்குச் சென்றார். அது மேற்கு 43ஆம் தெருவிலிருந்த பழைய ஜெர்மானிய பாப்டிஸ்ட் தேவாலயம். பீடம் இருந்த இடத்தில் சுழல்தட்டுக் கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. தொடக்கத்தில் அவர் கையாண்ட கருவிகளில் வேகத்தை மாற்றும் வசதியே இல்லை. இரண்டு பாடல்களும் தற்செயலாக இசையும் கணத்தைக் காத்திருந்து பிடிக்க வேண்டியிருந்தது. வேகம் மாற்றக்கூடிய கருவி கைக்கு வந்த பின்னரே நெடுநேரம் இரண்டையும் இணைத்து ஓட்ட முடிந்தது. தட்டைக் கையால் நிறுத்திப் பிடித்து உரிய கணத்தில் விடும் முறையும் அவருடைய கண்டுபிடிப்பன்று. வானொலி நிலையங்களில் அது முன்பே வழக்கிலிருந்தது. அறிவிப்பாளர் பேசி முடித்த கணத்தில் பாட்டு தொடங்க வேண்டுமென்பதற்காக வானொலிக்காரர்கள் செய்த உபாயத்தைக் கிராசோ ஆட்டக்களத்துக்குக் கொண்டுவந்தார். ‘சிகாகோ’ குழுவினரின் ஒரு பாட்டிலுள்ள முழவொலியின்மீது ‘லெட் செப்பலின்’ குழுவினரின் பாட்டிலுள்ள குரலை ஏற்றி அவர் செய்த இணைப்பு இன்றும் பேசப்படுகின்றது. இரண்டு பாடல்களும் 1969ஆம் ஆண்டில் வெளிவந்தவை.

கிராசோ தம் வித்தையை ஒளித்துவைக்கவில்லை. மைக்கேல் கப்பெல்லோ, ஸ்டீவ் டாக்விஸ்டோ ஆகிய இருவர்க்கும் கற்றுக்கொடுத்தார். அவர்கள் வழியாக அது பிற கூடங்களுக்குப் பரவியது. அவருக்கும் ஒருவர் துணை நின்றார். அலெக்ஸ் ரோஸ்னர் என்ற ஒலிப்பொறியாளர், கிராசோ பணியாற்றிய ‘ஹேவன்’ கூடத்துக்கென 1971ஆம் ஆண்டளவில் ஒரு கலவைப் பெட்டியைச் செய்துகொடுத்தார். செந்நிறம் பூசப்பட்டிருந்தமையால் அதற்கு ‘ரோஸி’ என்று பெயர் வழங்கிற்று. அடுத்த பாட்டைத் தான் மட்டும் முன்கூட்டியே கேட்கும் வசதி இல்லாவிட்டால் இக்கலையே இல்லை என்பதை நினைக்க, இந்தப் பெட்டி சிறிய செய்தியன்று.

எல்லாரும் இதனை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1970இல் ‘லாஃப்ட்’ என்னும் புகழ்பெற்ற விருந்துக் கூடத்தைத் தம் இல்லத்திலேயே தொடங்கிய டேவிட் மன்குசோ, தொடக்கத்தில் பாடல்களை இணைத்து ஓட்டியவர்தாம்; பின்னர் அவ்வழக்கத்தை அறவே கைவிட்டார். இசையமைத்தவர் நினைத்தவாறு, தொடக்கம் முதல் இறுதி வரை, அதற்குரிய வேகத்தில் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். செய்யுளை நடுவில் வெட்டி மற்றொன்றோடு ஒட்டினால் நாம் பொறுப்போமா?

இதுவரை சொன்னது நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் நடந்தது. வடக்கே, ஆற்றுக்கு அப்பால், பிராங்க்ஸ் பகுதியில் நடந்தது வேறு வகை. அங்கே வாழ்ந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள், போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்தோர், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியோர். பெருநெடுஞ்சாலை ஒன்று அவர்கள் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. 1970களில் வீடுகள் தெருத்தெருவாக எரிந்தன. அங்குதான் கிளைவ் கேம்பெல் என்னும் இளைஞர் இருந்தார். 1955இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்து, 1967இல் பிராங்க்ஸ் வந்து சேர்ந்தவர். கூல் ஹெர்க் என்ற பெயரால் அவரை உலகம் அறியும்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தின் பொழுதுபோக்கு அறையில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க வேண்டுமென்று ஹெர்க்கின் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்து அது. பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு கட்டணம். தந்தையின் ஒலிபெருக்கிக் கருவிகளைக் கொண்டு ஹெர்க் இசைத்தட்டுகளை இயக்கினார். மகனுக்குத் தந்தையின் கருவி. அண்ணனுக்குத் தங்கையின் ஏற்பாடு.

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். ஆடுவோர் பாட்டு முழுவதையும் ஒரே ஆர்வத்தோடு ஆடவில்லை. பாடகர் ஓய, பிற கருவிகள் அடங்க, முழவும் அடித்தாளமும் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதிக்காகக் காத்திருந்தனர். நம் கச்சேரியில் வரும் தனி ஆவர்த்தனம் போன்றது அப்பகுதி என்று சொன்னால் நம்மவர்க்குப் புரியும். வேற்றுமை ஒன்றுதான்: தனி தொடங்கினால் நம் சபையோர் எழுந்து காபி குடிக்கப் போவார்கள், பிராங்க்ஸ் இளைஞர் எழுந்து ஆடுவதற்கு வந்தார்கள். அப்பகுதி சில விநாடியில் முடிந்துவிடும். ஆகவே ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு படிகளை வாங்கி, ஒன்றில் அப்பகுதி முடிந்ததும் மற்றொன்றில் அதனையே தொடங்கினார். அது முடிந்ததும் மீண்டும் முதல் தட்டு. பத்து விநாடி பல நிமிடங்களாக நீண்டது. ஆனால் அவர் ஊசியைக் கண்ணளவில் வைத்தார். தாளம் ஒரு தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது இடறியது. மன்ஹாட்டனில் இழைவு இருந்தது. பிராங்க்ஸில் எதனை இணைப்பது என்ற அறிவு இருந்தது. இரண்டும் ஒருவரிடத்தில் வந்து கூட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கருத்தைப் பரிசீலிக்க வேண்டும். 1975இல் நியூயார்க் நகராட்சி கடனில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தனர். பள்ளிகளில் இசைக் கல்வி நலிந்தது. வாசிக்கக் கருவியில்லாத பிள்ளைகள் இசைத்தட்டையே கருவியாக்கிக்கொண்டனர் என்று எழுதுவோர் உளர். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஹெர்க்கின் விருந்து நடந்தது 1973இல். ஆண்டுக் கணக்கு இடிக்கின்றது. வகுப்பறையை மூடியதால் கலை பிறந்தது என்னும் முடிவுக்கு நாம் அவசரப்பட்டு வந்துவிடலாகாது. நிதி ஒதுக்குவோர் காதில் அது விழுந்தால் என்ன பொருள் கொள்வர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்து வருபவரின் வரலாறு அம்முடிவுக்கு நேர்மாறானது.

ஜோசப் சாட்லர் 1958இல் பார்பேடோஸ் தீவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் எனப் பெயர் பெற்றார். அவர் தந்தை இசைத்தட்டுகளைச் சேர்த்துப் பூட்டிவைத்திருந்தார். தொடக் கூடாதென்பது கட்டளை. சிறுவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி எடுத்தான், அடியும் பட்டான். வீட்டிலுள்ள மின்பொருள்களையெல்லாம் கழற்றிப் பார்ப்பது அவன் வழக்கம். தாய் அவனைத் திட்டியதோடு நிற்காமல் சாமுவேல் கோம்பர்ஸ் தொழிற்பள்ளியில் சேர்த்தார். அங்கே மின்னணுவியல் கற்றான்.

பிளாஷ் ஹெர்க்கின் விருந்துகளைக் கேட்டார். பீட் ஜோன்ஸ் என்னும் மூத்த டி.ஜே.யையும் கேட்டார். ஹெர்க்கிடம் பாடல் தேர்வு சிறந்திருந்தது. ஜோன்ஸிடம் தாளம் இடறவில்லை. ஜோன்ஸ் அந்த இளைஞரைத் தம் கருவியில் வாசிக்க விட்டார். அங்கேதான், அடுத்த தட்டை ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்கலாம் என்பது பிளாஷுக்குத் தெரிந்தது. அத்தகைய கலவைப் பெட்டி வாங்க அவரிடம் பணம் இல்லை. ஒலிவாங்கிகளுக்கான மலிவான மிக்ஸர் ஒன்றில் சிறு மின்விசையைப் பசைகொண்டு ஒட்டி, ஒருபுறம் தள்ளினால் ஒரு தட்டும் மறுபுறம் தள்ளினால் மற்றதும் காதில் கேட்குமாறு தாமே இணைத்துக்கொண்டார். தொழிற்பள்ளிப் பாடம் இவ்விடத்தில் பயன்பட்டது.

சுழல்மேடையோடு வந்த ரப்பர் விரிப்பின்மேல் தட்டைப் பிடித்து நிறுத்துவது கடினம். பிளாஷின் தாய் தையல் தெரிந்தவர். வீட்டில் துணிகளுக்கிடையே வளர்ந்த பிள்ளைக்குத் துணியின் குணம் தெரிந்திருந்தது. ‘ஃபெல்ட்’ என்னும் கம்பளித் துணியைத் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, கஞ்சி தெளித்து, இஸ்திரி போட்டு விறைப்பாக்கினார். தட்டு வழுக்கிக்கொண்டு நின்றது; மேடை அடியில் சுழன்றது. கடைகளில் இன்று விற்கும் விரிப்பு எதனையும் எடுத்துப் பாருங்கள். அதன் முன்னோர்களில் ஒன்று அந்தக் கஞ்சியிட்ட துணி.

மூன்றாவது உபாயம் கணக்கு. நெடுந்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றுகின்றது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. பத்து விநாடி ஓடும் தாளப் பகுதி ஏறத்தாழ ஐந்தரைச் சுற்று. பிளாஷ் தட்டின்மேல் வண்ணக்கோலால் ஒரு கோடு வரைந்தார். கடிகார முள்போல அக்கோடு எத்தனை முறை சுற்றிவருகின்றது என்று எண்ணினார். பகுதி முடிந்ததும் அதே எண்ணிக்கை பின்னோக்கிச் சுழற்றினால் தொடக்கம் கைக்கு வந்துவிடும். ஊசியை எடுத்து வைக்க வேண்டியதில்லை. இசைத்தட்டின் முகத்தைக் கையால் தொடுவது அக்காலத்தில் பெருங்குற்றம். எண்ணெய்ப் பிசுக்குப் படும், கீறல் விழும் என்று எல்லாரும் கடிந்தனர். அவரோ முழுக்கையையும் வைத்தார்.

இத்தனையும் ஆயத்தம் செய்துகொண்டு பூங்கா ஒன்றில் அவர் முதன்முறை மக்கள்முன் செய்துகாட்டியபோது, எவரும் ஆடவில்லை. எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தனர். வீட்டுக்குச் சென்று அழுததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். கை வித்தையை மட்டும் காட்டினால் கூட்டம் சிலையாகிவிடும் என்று கண்டு, ஒலிவாங்கியில் எதுகையோடு பேசி மக்களை இழுப்போரைச் சேர்த்துக்கொண்டார். ராப் இசை வளர்ந்த வழிகளுள் அதுவும் ஒன்று. 1981இல், தட்டுகளை மட்டுமே கொண்டு ஏறத்தாழ ஏழு நிமிட இசைத்தட்டு ஒன்றை அவர் வெளியிட்டார். தட்டுகளால் செய்யப்பட்ட தட்டு! கைப்பழக்கத்தால் பிறந்த கலை கடையில் விலைக்குக் கிடைக்கும் பாடமாயிற்று. பிற நாட்டு இளைஞர்கள் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த ஒலி எப்படி வந்தது என்று ஆராய்ந்து பழகினர்.

பிளாஷின் கூட்டாளி ஒருவரின் தம்பி தியடோர். பிளாஷ் அவர்கள் வீட்டில் பழகுவதைக் கண்டும், அவரிடம் கேட்டும் கற்ற சிறுவன். 1975ஆம் ஆண்டளவில் ஒரு நாள் அறையில் பெருஞ்சத்தத்தோடு பழகிக்கொண்டிருந்தபோது தாய் கதவைத் தட்டிக் கடிந்துகொண்டார். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்துக்கொண்டிருந்த சிறுவன், அதனை முன்னும் பின்னும் அசைத்தான். ஹெட்போனில் ஒரு புதிய ஒலி கேட்டது. பின்னாளில் ‘ஸ்கிராட்ச்’ எனப் பெயர் பெற்ற ஒலி அதுவே.

கருவியின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பழைய கருவிகளில் மின்பொறி ரப்பர்ப் பட்டையால் மேடையைச் சுழற்றிற்று. தட்டைப் பிடித்தால் பட்டை இழுபடும், வேகம் திரும்ப நேரமாகும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் மின்பொறியின் அச்சிலேயே மேடையைப் பொருத்தி 1970இல் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1972இல் வந்தது அதன் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200. வீட்டிலிருந்து அமைதியாக இசை கேட்போர்க்கென்று செய்யப்பட்ட கருவி அது. நடனக்கூடங்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டன. அதனைக் கண்ட நிறுவனம் 1979இல் வெளியிட்ட இரண்டாம் வரிசையில், வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்கு கூட்டவும் குறைக்கவும் நீண்ட தள்ளுவிசை ஒன்றை வைத்தது. 120 அடிப் பாட்டை ஏறத்தாழ 110 முதல் 130 வரை கொண்டுசெல்லலாம். முப்பது ஆண்டுகள் உலகெங்கும் பழகுவோர் அந்த விசையில்தான் விரல் வைத்தனர். 2010இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது, 2016இல் மீண்டது. 2019இல் வந்த ஏழாம் வரிசைக் கருவி மலேசியாவில் தயாராகி உலகச் சந்தைக்குச் சென்றது என்பது நம் மாணவர் அறிய வேண்டிய செய்தி.

இசையும் மாறியது. 1970களின் பாடல்களில் மனிதரே முழவு அடித்தனர். உணர்ச்சிக்கேற்ப நடை சற்று விரையும், சற்றுத் தளரும். ஆகவே இணைப்பு நீளும் வரை கை தட்டைவிட்டு அகலலாகாது. 1980களில் மின்முழவுக் கருவிகள் பரவின. நடை கடிகாரம் போல் நின்றது. ஒருமுறை இசைத்தால் நெடுநேரம் நிற்கும் நிலை வந்தது. பின்னர்க் கணினி வந்தது. இரண்டு பாடல்களின் தாளத்தையும் அதுவே அளந்து, ஒரு பொத்தானை அழுத்தியவுடன் இணைத்துவிடுகின்றது. இப்பொத்தானைப் பழிப்போர் பலர். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கணக்குப் பொறி வந்ததால் வாய்பாடு வேண்டாமா என்ற பழைய வழக்கே இது. ஆனால் இன்றும் புதிதாகப் பழகுவோர் சிலர் பொத்தானை மறைத்துவைத்துவிட்டுப் பழைய தட்டுகளில் தொடங்குகின்றனர். எது முந்துகின்றது, எது பிந்துகின்றது என்று காதுக்குத் தெரியும்வரை இரவிரவாக உட்காருகின்றனர்.

கிராசோ 2001இல் மறைந்தார். செட்ஜ்விக் அவென்யூ அடுக்ககத்தை ஹிப்-ஹாப் கலையின் பிறப்பிடமென 2007இல் நியூயார்க் மாநிலம் ஏற்றுக்கொண்டது. கிராசோ பீடத்திலிருந்து தட்டுகளை இயக்கிய ‘சாங்சுவரி’ 1972இல் மூடப்பட்டது. 43ஆம் தெருவிலிருந்த அத்தேவாலயக் கட்டடம் பின்னர் நாடக அரங்கமாயிற்று.